புரதத்தைப் பற்றும் சர்க்கரை: தடுக்க மருந்து உண்டா?



சர்க்கரை நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, சர்க்கரை இரத்தத்தில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அது கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்காதபடி தடுக்க ஒரு மாத்திரை கிடையாதா?" என்பார்கள்.

இது அறியாமையால் எழும் கேள்வி அன்று. இதே கேள்வியை எழுப்பி, பெயர்பெற்ற ஆய்வுக்கூடங்கள் சுமார் 40 ஆண்டுகள் உழைத்திருக்கின்றன. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேற்பட்டோர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் அறிவித்தது. ஆகவே இது நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் நிற்கிற கேள்வியே.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. படுக்கையருகே அமர்ந்து நோயாளிகளோடு பேசுகிறவர்கள். ஆயினும், பொய்யான நம்பிக்கையைக் கொடுக்காமலும், மெய்யான நம்பிக்கையைப் பறித்துவிடாமலும் பேச வேண்டுமானால், மருத்துவ உலகம் அறிந்திருப்பதில் கொஞ்சமாவது நாமும் அறிந்திருப்பது நலம். இந்த இதழின் பாடமாக அதையே எடுத்துக்கொள்வோம்.

1. அடுப்பில் நடப்பதும் உடலில் நடப்பதும்

பால்கோவா கிண்டியவர்களுக்குத் தெரியும். வெள்ளைப் பால் சுண்டச் சுண்ட, நிறம் மங்கி இளம் பழுப்பாகிறது, மணமும் மாறுகிறது. தோசையின் முறுகலான ஓரமும், ரொட்டியின் மேல்தோலும், வறுத்த காப்பிக்கொட்டையும் பழுப்பாவதற்குப் பெரும்பாலும் அதே காரணந்தான். சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. 1912-ல் லூயி கமீல் மயார் என்னும் பிரெஞ்சு வேதியியலார் இதை முதன்முதலாக விவரித்தார். இன்றும் அந்த வினை அவர் பெயராலேயே வழங்குகிறது.

அடுப்பில் சில நிமிடங்களில் நடப்பது, நம் உடலின் 37 டிகிரி வெப்பத்தில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கிறது. உடலின் மற்ற வேலைகளைப் போல இதற்கு நொதி எதுவும் தேவையில்லை. சர்க்கரை இருக்கிறது, புரதம் இருக்கிறது, காலம் இருக்கிறது, இம்மூன்றும் போதும். மருத்துவர்கள் இதைக் கிளைக்கேஷன் என்கிறார்கள்.

இது மூன்று படிகளில் நடக்கிறது. இந்த மூன்றையும் மனதில் பதித்துக்கொண்டால் பின்வரும் பகுதிகள் எளிதில் விளங்கும்.

முதற்படி: குளுக்கோஸ் மூலக்கூறு பெரும்பாலும் வளையமாக மூடியே இருக்கும். அது திறந்திருக்கும் சிறு வேளையில், புரதத்தின் அமினோ முனை ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடி தளர்ந்தது. இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் சில மணி நேரத்தில் தானே கழன்றுவிடும்.

இரண்டாம் படி: கழலாமல் நின்றவற்றில் ஒரு பகுதி, நாட்கள் செல்லச் செல்ல உருமாறி இறுகுகிறது. இதை ஆராய்ந்த இத்தாலிய வேதியியலார் மாரியோ அமதோரியின் பெயரால் இதை அமதோரிப் பொருள் என்பர். இது எளிதில் கழலாது.

மூன்றாம் படி: மாதங்களும் ஆண்டுகளும் கடக்கையில் அந்தப் பொருளும், சர்க்கரையும் உடைந்து சிறு துண்டுகளாகின்றன. மீதைல்கிளையாக்சால் என்பது அவற்றில் ஒன்று. இவற்றுக்கு இருபுறமும் கொக்கி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொக்கி ஒரு புரதத்தையும், மறு கொக்கி அடுத்த புரதத்தையும் பிடித்தால் இரண்டும் பிணைந்துவிடும். இப்படி உண்டாகும் முதிர்ந்த பொருட்களை ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு ஏ.ஜி.இ. என்று அழைக்கிறார்கள். இந்தப் படியில் நேர்வது பெரும்பாலும் மீளாத சேதம்.

2. மூன்று மாதக் கணக்குப் புத்தகம்

தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் பணிசெய்த சாமுவேல் ரஹ்பர் என்னும் மருத்துவர், 1968-ல் சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தில் வழக்கத்துக்கு மாறான ஒருவகை ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதைக் கண்டார். அது சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின். நோயாளியின் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் அதன் அளவுக்கும் உள்ள தொடர்பை நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஆன்டனி செராமியும் அவரோடு உழைத்தவர்களும் 1976-ல் வெளியிட்டார்கள்.

நம் மருத்துவமனைகளில் இன்று "மூன்று மாதச் சர்க்கரை" என்று எடுக்கச் சொல்கிறார்களே, அந்த ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனை பிறந்தது இப்படித்தான். சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. அந்த நாட்களில் அதன்மேல் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்பதே இதில் தெரிகிறது. பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து வருகிறவர்களின் கணக்கு இதில் செல்லாது. ஆனால் கடுமையான இரத்தசோகை உள்ளவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இந்த எண் சில வேளை தவறான பொருள் தரும். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

இங்கே ஒரு காரியத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சர்க்கரை நோயே இல்லாத மனிதனின் ஹீமோகுளோபினிலும் நூற்றுக்கு நான்கு முதல் ஐந்தரை பங்கு வரை சர்க்கரை ஒட்டியே இருக்கிறது. இது எல்லா உடலிலும் நடக்கிற வினை. சர்க்கரை நோயில் அதன் வேகம் கூடுகிறது, அவ்வளவே. "நான் செய்த தப்புக்குத்தான் கண் போயிற்றா?" என்று கண்ணீரோடு கேட்கிற தாய்மாரை நாங்கள் பார்த்திருக்கிறோம். வேதியியல் யாரையும் தண்டிப்பதில்லை. அதற்கு அளவும் காலமும் மாத்திரமே தெரியும். இந்த உண்மையே ஒரு ஆறுதல். அதோடு, இனிச் செய்யக்கூடியது என்ன என்பதையும் இதுவே காட்டிக்கொடுக்கிறது.

3. கண்ணும் சிறுநீரகமும் ஏன் முதலில் கெடுகின்றன?

சிவப்பணு நான்கு மாதத்தில் அழிந்து புதிதாகப் பிறக்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரையும் அதோடு போய்விடும். எல்லாப் புரதங்களுக்கும் அந்த வசதி இல்லை. கண்ணின் வில்லையில் நடுப்பகுதியிலுள்ள புரதங்கள் நாம் தாயின் வயிற்றிலிருக்கும்போதே உண்டானவை; சாகும்வரை மாற்றப்படுவதில்லை. தோலுக்கும் இரத்த நாளத்துக்கும் எலும்பு மூட்டுக்கும் உறுதி தரும் கொலாஜனும் பல ஆண்டுகள் நிலைத்திருப்பது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் மெல்லிய சவ்விலும் கொலாஜன் உண்டு.

நீண்ட நாள் வாழும் புரதத்தில் மூன்றாம் படி நடந்தேற நிறையக் காலம் கிடைக்கிறது. வில்லை மங்கிப் புரை விழுகிறது. நாளங்கள் விறைக்கின்றன. வடிகட்டியின் சவ்வு தடித்து, புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. இவற்றுக்கு வேறு காரணங்களும் சேர்ந்தே உண்டு. இரத்த அழுத்தம் அவற்றுள் முக்கியமானது. ஆயினும் சர்க்கரை செய்யும் இந்த மெல்லிய வேலைக்கும் அதில் பங்கு உண்டு என்பதை இன்று ஐயமின்றி அறிந்திருக்கிறோம்.

உடல் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. மீதைல்கிளையாக்சாலைப் பிடித்துத் தீங்கற்றதாக்கும் கிளையாக்சலேஸ் என்னும் நொதி அமைப்பு நம் உயிரணுக்களில் இருக்கிறது. 1913-லேயே இது கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் படியில் இறுகிய சர்க்கரையைக் கழற்றிவிட உதவும் நொதி ஒன்றையும் 2000-ஆம் ஆண்டுவாக்கில் அடையாளம் கண்டார்கள். ஆகவே தடுப்பு மருந்து தேடியவர்கள் இல்லாத ஒன்றைக் கற்பனை செய்யவில்லை. உடல் செய்துவருகிற வேலைக்கு வெளியிலிருந்து துணை தேடினார்கள்.

4. தடுக்கும் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன?

தடுப்பதற்கு ஐந்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

அ) புரதத்தின் முனையை மூடுதல். சர்க்கரை பிடிக்கும் அமினோ முனையை வேறொன்று முந்திக்கொண்டு மூடிவிட்டால் சர்க்கரைக்கு இடமிராது. நாம் அறிந்த ஆஸ்பிரின் மாத்திரைக்கு இந்தத் திறன் உண்டு. சோதனைக் குழாயில் அது கண் வில்லைப் புரதத்தைக் காத்தது. ஆனால் அமெரிக்காவில் 22,071 மருத்துவர்களைக் கொண்டு நடந்த ஆஸ்பிரின் ஆய்வில், கண்புரையைத் தடுக்கும் தெளிவான பயன் எதுவும் காணப்படவில்லை என்று 1991-ல் அறிவித்தார்கள்.

ஆ) கொக்கிகளைப் பிடித்து மூடுதல். இதில் பெயர்பெற்றது அமினோகுவனிடின். மீதைல்கிளையாக்சால் போன்ற துண்டுகளின் இரண்டு கொக்கிகளையும் இது தானே பிடித்துக்கொண்டு மூடிவிடுகிறது. துண்டு அதன்பின் புரதத்தைப் பிடிக்க முடியாது. 1986-ல் மைக்கேல் பிரௌன்லி, செராமி முதலியோர் இதைச் சர்க்கரை நோயுள்ள எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் இரத்தச் சர்க்கரை உயர்ந்தே இருந்தது. ஆனால் நாளச் சுவரின் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைவது தடுக்கப்பட்டது. நம் குடும்பத்தார் கேட்கிற அதே மாத்திரை! மருத்துவ உலகம் மிகவும் எதிர்பார்ப்போடு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இ) ஊக்குவிக்கும் உலோகங்களைக் கட்டுதல். மூன்றாம் படி விரைவதற்கு இரும்பு, செம்பு அயனிகளும் ஆக்சிஜனும் துணைநிற்கின்றன. பைட்டமின் பி6-இன் ஒரு வடிவமான பைரிடாக்சமின் அந்த உலோகங்களைக் கட்டிப்போடுவதோடு, துண்டுகளையும் பிடிக்கிறது. இதுவும் எலிகளில் சிறுநீரகத்தைக் காத்தது.

ஈ) வேறு வழியில் திருப்பிவிடுதல். வைட்டமின் பி1-இன் கொழுப்பில் கரையும் உறவான பென்ஃபோதயமின், உயிரணுவுக்குள் தேங்கும் சர்க்கரைத் துண்டுகளைத் தீங்கற்ற பாதையில் திருப்பிவிடுகிறது. 2003-ல் எலிகளின் விழித்திரை இதனால் காக்கப்பட்டதாகக் கண்டார்கள்.

உ) விழுந்துவிட்ட கட்டை அவிழ்த்தல். அலஜிப்ரியம் என்னும் மருந்து பிணைந்த புரதங்களைப் பிரிக்கும் என்று நம்பினார்கள். 2001-ல் நாளங்கள் விறைத்திருந்த 93 பேருக்கு எட்டு வாரம் கொடுத்தபோது நாளங்களின் நெகிழ்வு சற்றுக் கூடியது.

5. மனிதரிடத்தில் நடந்த சோதனை

எலியின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டு. மனிதனுடையது அப்படியல்ல. ஒரு மருந்து மனிதருக்குப் பயன்படுமா என்று அறிய ஒரே வழி உண்டு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்தும், மறு பகுதியினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து, யார் எதைப் பெறுகிறார்கள் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதே அது.

அமினோகுவனிடினுக்கு அப்படி ஒரு சோதனை நடந்தது. முதல் வகைச் சர்க்கரை நோயும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ள 690 பேர் அதில் பங்குபெற்றார்கள். கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: இரத்தத்தில் கிரியாட்டினின் இரு மடங்காகும் அளவுக்குச் சிறுநீரகம் கெடுவதை இந்த மருந்து தடுக்கிறதா? முடிவு 2004-ல் வெளியானது. போலி மாத்திரை பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கும், மருந்து பெற்றவர்களில் 20 சதவீதத்தினருக்கும் கிரியாட்டினின் இரட்டித்தது. வித்தியாசம் இருந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற ஐயத்தை ஒதுக்கிவிட முடியாத அளவே இருந்தது. சிறுநீரில் கசியும் புரதம் குறைந்தது நல்ல அடையாளந்தான். எனினும் மிகுந்த அளவில் மருந்து பெற்றவர்களில் மூவருக்குச் சிறுநீரகத்தையே தாக்கும் கடுமையான அழற்சி உண்டாயிற்று. இரண்டாம் வகை நோயாளிகளிடம் நடந்துவந்த மற்றொரு சோதனை, பாதுகாப்பைக் குறித்த அச்சத்தால் 1998-லேயே நிறுத்தப்பட்டது. அமினோகுவனிடின் மருந்துக் கடைக்கு வரவில்லை.

எலிகளில் வென்றது மனிதரில் ஏன் வெல்லவில்லை? சில காரணங்கள் தெரிகின்றன. அமினோகுவனிடின் உடலிலிருந்து விரைவில் வெளியேறிவிடுகிறது. சேதமோ இரவும் பகலும் நடக்கிறது. கெட்ட கொக்கிகளை மாத்திரம் தேடிப் பிடிக்கும் பகுத்தறிவும் அதற்கு இல்லை. நமக்குத் தேவையான பி6 வைட்டமினையும் பிடித்துக்கொள்கிறது. நாளங்களை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடு உண்டாவதிலும் தலையிடுகிறது. அன்றியும் சோதனைக்கு வந்த நோயாளிகள் பல ஆண்டுச் சேதத்தைச் சுமந்தே வந்தார்கள். தடுப்பு மருந்து வருவதைத் தடுக்கலாம்; வந்துவிட்டதை அவிழ்க்காது.

பைரிடாக்சமினும் அவ்வாறே ஆயிற்று. சிறுநீரகப் பாதிப்புள்ள இரண்டாம் வகை நோயாளிகள் 317 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையில், மொத்தத்தில் பயன் காணப்படவில்லை என்று 2012-ல் அறிவித்தார்கள். பென்ஃபோதயமினைச் சிறுநீரக நோயாளிகளுக்குப் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்விலும் சிறுநீரில் புரதம் குறையவில்லை. அலஜிப்ரியத்தின் வேலை பணமின்மையால் 2009-ல் நின்றுபோனது. மனித உடலில் மிகுதியாகக் காணப்படும் குளுக்கோசெபேன் என்னும் கட்டை அது அவிழ்ப்பதாகவும் காணப்படவில்லை.

இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். அந்த 690 பேரும் 317 பேரும் தங்கள் உடலைக் கொடுத்து நமக்கு ஒரு பதிலை வாங்கித் தந்திருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இன்று எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் பயனற்ற மாத்திரைக்குப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

6. சோதனையில் தேறியவை

அதே அளவுகோலில் தேறிய மருந்துகளும் உண்டு. 1993-ல், முதல் வகை நோயும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ள 409 பேரிடம் கேப்டோப்ரில் என்னும் இரத்த அழுத்த மாத்திரையைச் சோதித்தார்கள். கேள்வி அதுவே: கிரியாட்டினின் இரட்டிப்பது குறைகிறதா? போலி மாத்திரை பெற்ற 202 பேரில் 43 பேருக்கு இரட்டித்தது. கேப்டோப்ரில் பெற்ற 207 பேரில் 25 பேருக்கு மட்டுமே இரட்டித்தது. அந்த மருந்தின் இனத்தைச் சேர்ந்தவையும், 2001-ல் இரண்டாம் வகை நோயாளிகளிடம் தேறிய லோசார்டன் போன்றவையும் இன்று அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கின்றன. அவை கொக்கிகளைத் துரத்துவதில்லை. வடிகட்டியின்மேல் உள்ள அழுத்தத்தைத் தணிக்கின்றன. 2019-ல், சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் கானாகிளிஃப்ளோசின் என்னும் மருந்தும் 4,401 பேர் கொண்ட சோதனையில் சிறுநீரகத்தைக் காத்தது.

எல்லாவற்றிலும் பெரிய சாட்சி, அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்து 1993-ல் முடிவு வெளியான ஆய்வு. ஒரு பகுதியினர் இன்சுலினைக் கவனமாகப் பலமுறை எடுத்து மூன்று மாதச் சர்க்கரையை 7 சதவீதத்தை ஒட்டி வைத்தார்கள். மற்றவர்களுக்கு அது 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆறரை ஆண்டுகளின் முடிவில், தொடக்கத்தில் விழித்திரைப் பாதிப்பே இல்லாதவர்களில், கவனமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு அது உண்டாகும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. ஒரு விலையும் இருந்தது: சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோவது அவர்களுக்கு மூன்று மடங்காயிற்று. ஆகவே இலக்கு எண் எல்லாருக்கும் ஒன்றல்ல. முதியவர்களுக்குச் சற்றுத் தளர்த்தியே வைப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததே நம் பாடத்தின் மையம். ஆய்வு முடிந்தபின் இரு பகுதியினரின் சர்க்கரை அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஆயினும் முன்பு கட்டுப்பாடாக இருந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் வரை சேதம் குறைவாகவே இருந்துவந்தது. உடல் பழைய நாட்களை மறக்கவில்லை. அவர்களில் 200-க்கும் மேற்பட்டோரின் தோலில் சிறு துணுக்கு எடுத்துக் கொலாஜனை ஆராய்ந்தபோது, சர்க்கரை அதிகம் பற்றியிருந்தவர்களுக்கே பிற்காலத்தில் கண்ணும் சிறுநீரகமும் அதிகம் கெட்டன என்று கண்டார்கள். உடலின் இந்த நினைவில் ஒரு பகுதியாவது அந்தக் கொலாஜனில் எழுதப்பட்டிருக்கிறது.

இதன் பொருள் என்ன? சர்க்கரையைக் குறைக்கும் எந்தச் சிகிச்சையும் கிளைக்கேஷனைத் தடுக்கும் சிகிச்சையே. முதற்படியில் பிடிக்க வரும் கைகளின் எண்ணிக்கையையே அது குறைத்துவிடுகிறது. சாதாரண மெட்ஃபார்மின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரல் சர்க்கரை சுரப்பதைக் குறைப்பது அதன் முதன்மையான வேலை. அதோடு, இரண்டாம் வகை நோயாளிகளின் இரத்தத்தில் மீதைல்கிளையாக்சாலையும் அது குறைக்கிறது என்று 1999-ல் கண்டார்கள். ஆராய்ச்சியாளர் தேடிய கற்பனை மாத்திரைக்கு மிக அருகில் நிற்பது, நோயாளியின் கைப்பையில் ஏற்கெனவே இருக்கிற மலிவான மாத்திரையாக இருக்கலாம்.

7. நம் வீடுகளுக்கு

முதலாவது, "சர்க்கரை ஒட்டாமல் தடுக்கும்" என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் எதையும் வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது சோதனைக் குழாயில் கண்டதா, எலியில் கண்டதா, மனிதரில் கண்டதா? மஞ்சளும் இலவங்கப்பட்டையும்கூடச் சோதனைக் குழாயில் கிளைக்கேஷனைக் குறைக்கின்றன. சமையலில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் அவற்றை நம்பி இன்சுலினை நிறுத்தாதிருங்கள்.

இரண்டாவது, பி6 மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் அதிக அளவில் நெடுநாள் விழுங்க வேண்டாம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் பைரிடாக்சின், பைரிடாக்சமின் அல்ல. அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

மூன்றாவது, வலி இல்லாத காலமே வேலை செய்யும் காலம். கண் மங்கிய பிறகும் கால் வீங்கிய பிறகும் வருகிறவர்களுக்குச் செய்யக்கூடியவை உண்டு; ஆனால் முதிர்ந்த கட்டை அவிழ்க்கும் மருந்து இன்றுவரை நம் கையில் இல்லை. நோய் தெரிந்த முதல் ஆண்டிலிருந்தே மூன்று மாதச் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், விழித்திரை ஆகிய நான்கையும் தவறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான்காவது, காலங்கடந்து வந்தவரை ஒருபோதும் கடிந்துகொள்ளாதிருப்போம். முதற்படியில் உள்ள பிடி இன்றும் கழலக்கூடியதே. இன்று குறைகிற சர்க்கரை, நாளை உண்டாகவிருக்கும் கட்டுகளைக் குறைக்கும். எழுபது வயதானவருக்கும் இது உண்மை. படுக்கையருகே அமர்ந்து நாம் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய நம்பிக்கை இதுவே.

குழுவாகப் படிப்போர் கலந்து பேச

1. சர்க்கரை புரதத்தைப் பற்றும் மூன்று படிகள் யாவை? எந்தப் படிவரை மீள வழி உண்டு?

2. சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரைக்கும் கண் வில்லையில் ஒட்டிய சர்க்கரைக்கும் என்ன வேறுபாடு?

3. அமினோகுவனிடின் எலிகளுக்குப் பயன்பட்டது. மனிதருக்குக் கொடுக்குமுன் 690 பேரிடம் சோதித்தது ஏன் அவசியமாயிற்று?

4. "மாத்திரை கிடையாதா?" என்று கேட்கும் குடும்பத்தாருக்கு, பொய்யும் சொல்லாமல், நம்பிக்கையையும் கெடுக்காமல், நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்?

5. உங்கள் சபையில் சர்க்கரை நோயுள்ளவர்களில் எத்தனை பேர் சென்ற ஓராண்டில் கண் பரிசோதனை செய்துகொண்டார்கள்? செய்யாதவர்களை அழைத்துச் செல்ல யார் முன்வருவீர்கள்?